65 ஆயிரத்துக்கு கேமிங் பிசி: எந்த பார்ட்ஸ், விண்டோஸா லினக்ஸா?

தக்காளித்தோட்டம் (பாலக்கோடு), சனி இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ஓசூர்ல கம்பெனி வேலை, வாரக் கடைசியில ஊருக்கு வந்துடுவேன். பதினோரு மாசமா சேத்து வெச்சதுல 65 ஆயிரம் கையில இருக்கு. இதுக்குள்ள ஒரு கேமிங் பிசி நானே கட்டணும். மானிட்டரும் இதுலயே வரணும். கீபோர்டு, மவுஸ், ஹெட்செட் இருக்கு.

இப்ப வெச்சிருக்கறது ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட நாலாம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 10, 240ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. அந்த எஸ்எஸ்டி மட்டும் நல்லா இருக்கு.

தர்மபுரியில ரெண்டு கடையில கேட்டேன். முதல் கடை: "ஐ7 பிராசசர், 16ஜிபி ராம், 4ஜிபி கிராபிக்ஸ் கார்டு, ஆர்ஜிபி கேபினட், 38 ஆயிரம், விண்டோஸ் 11 நாங்களே போட்டுக் குடுத்துடுவோம்." ரெண்டாவது கடை: ரைசன் 5 5600ஜி, ஆர்டிஎக்ஸ் 3050 6ஜிபி, மானிட்டரோட 62 ஆயிரம்.

ஞாயித்துக்கிழமை காலேஜ் பசங்க மூணு பேரோட வாலரன்ட் ஆடுவேன். மத்த நாள்ல தனியா ஜிடிஏ 5, விட்சர் 3. எல்டன் ரிங் ஆடணும்னு ரெண்டு வருஷமா ஆசை. இலவசமா கிடைக்கற லினக்ஸ் போட்டா விண்டோஸ் காசு மிச்சம்னு ஒரு ஃபிரண்டு சொல்றான். வாலரன்ட் வராதுன்னு இன்னொருத்தன் சொல்றான்.

இன்னொரு விஷயம். பக்கத்துத் தோட்டத்துல போர் மோட்டார் போட்டா எங்க வீட்டு ட்யூப்லைட் மங்கிடும். இதுல புது மெஷின் வெச்சா தாங்குமா?

சால்டரிங் அயன் (கிருஷ்ணகிரி), சனி இரவு 10:25

தம்பி, முதல் கடையில திரும்பிப் போய் ஒரே ஒரு கேள்வி கேளு: "ஐ7 எத்தனாவது தலைமுறை?" 38 ஆயிரத்துக்கு கிராபிக்ஸ் கார்டோட ஐ7 வருதுன்னா அது பெரும்பாலும் 3770 ஆத்தான் இருக்கும். 2012ல வந்த பிராசசர். பழைய கம்ப்யூட்டர்லேருந்து கழட்டுன பிராசசரைப் புதுசா அடிச்ச எச்61 போர்டுல மாட்டி, விளக்கு எரியற கேபினட்ல வெச்சுத் தர்றாங்க. பதினாறு வருஷமா சர்வீஸ் பாக்கறேன், மாசத்துக்கு ரெண்டு மூணு இப்படி என் டேபிளுக்கு வருது. வாங்குன பையன்களோட மூஞ்சியப் பாக்க முடியாது.

விண்டோஸ் 11 முறையா கேக்கறது இன்டெல்ல எட்டாம் தலைமுறையிலேருந்து, ஏஎம்டில ரைசன் 2000 வரிசையிலேருந்து, கூடவே டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சிப்), செக்யூர் பூட் (கையெழுத்துள்ள புரோகிராம்ல மட்டும் பூட் ஆக விடற அமைப்பு). மூணாம் தலைமுறை போர்டுல இது எதுவுமே சரியா அமையாது. கடைக்காரங்க சோதனையத் தாண்ட வெச்சு இன்ஸ்டால் பண்ணிடுவாங்க, டெஸ்க்டாப்பும் வரும். ஆனா விண்டோஸ் 11ல வாலரன்ட்டோட ஏமாத்துத் தடுப்பு புரோகிராமான வேன்கார்டு டிபிஎம்மையும் செக்யூர் பூட்டையும் தேடும். இல்லேன்னா ஆட்டத்துக்குள்ளயே விடாது. பழைய மெஷினை அப்படியே தட்டி ஓட்டலாம்னா விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட ஆதரவ நிறுத்திட்டாங்க.

ரெண்டாவது கொட்டேஷன் ஏமாத்து இல்ல, ஆனா சரியான ஜோடியும் இல்ல. 5600ஜியில "ஜி"ன்னா உள்ளயே கிராபிக்ஸ் இருக்குன்னு அர்த்தம். தனி கார்டு வாங்கறவனுக்கு அது வேண்டியதில்ல. அதுக்கு விலையா எல்3 கேஷ் (பிராசசருக்குள்ள இருக்கற வேக மெமரி) பாதியாயிடுது: 5600ல 32 எம்பி, 5600ஜியில 16 எம்பி. கார்டு பேசற பாதையான பிசிஐஇயும் 4.0க்கு பதிலா 3.0. கேமுக்கு வெறும் 5600தான் நல்லது. 3050லயும் கவனம். 6ஜிபி கார்டு 8ஜிபி கார்டோட தம்பி மாதிரி பேரு வெச்சிருக்காங்க, ஆனா மெமரி மட்டும் குறையல, உள்ள இருக்கற கோர் எண்ணிக்கையும் குறைவு, 70 வாட்டுக்குள்ள கட்டி வெச்ச கார்டு. பவர் கேபிள் செருக வசதியில்லாத ஆபீஸ் மெஷினுக்கு அது நல்ல கார்டு. புதுசா கட்டறவனுக்கு இல்ல.

பர்கூர் பென்குயின், சனி இரவு 11:02

அயன் அண்ணா சொன்னது அத்தனையும் சரி. நான் ஓஎஸ் (விண்டோஸா லினக்ஸா) பக்கம் வர்றேன்.

நாலு வருஷமா என் மெஷின்ல லினக்ஸ் மட்டும்தான். 2018 ஆகஸ்ட்ல வால்வ் கம்பெனி, விண்டோஸ் கேமை லினக்ஸ்ல ஓட்டற புரோட்டானைத் தங்களோட கேம் கடையான ஸ்டீம்க்குள்ளயே குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி விண்டோஸ் கேமை லினக்ஸ்ல ஓட்டறதுக்கு ஒவ்வொரு கேமுக்கும் ஒரு ராத்திரி முழிக்கணும். இப்ப ஸ்டீம்ல இன்ஸ்டால் பட்டனை அழுத்தறதோட முடிஞ்சுது. கேம் விண்டோஸோட கிராபிக்ஸ் மொழியான டைரக்ட்எக்ஸ்ல பேசறத டிஎக்ஸ்விகே, விகேடி3டி ரெண்டும் லினக்ஸுக்குப் புரியற வல்கனுக்கு மாத்திக் குடுக்குது. 2022ல ஸ்டீம் டெக் வந்ததும் இந்த வேலை இன்னும் வேகமாச்சு, ஏன்னா அந்தக் கையடக்க மெஷினே ஆர்ச் லினக்ஸ் மேல நிக்குது.

உன் லிஸ்ட்ல விட்சர் 3, எல்டன் ரிங் ரெண்டும் நல்லா ஓடும். எல்டன் ரிங் ஆன்லைனும் ஓடும். ஜிடிஏ 5ல கதைப் பகுதி ஓடும். ஆன்லைன் 2024 செப்டம்பர்லேருந்து ஓடறதில்ல, பேட்டில்ஐங்கற ஏமாத்துத் தடுப்பைச் சேத்துட்டு லினக்ஸுக்கு வழி விடல. வாலரன்ட் ஓடாது. இதை நேராச் சொல்லிடறேன், லினக்ஸ்காரங்க சில பேர் இதை மழுப்பிடுவாங்க. வேன்கார்டு விண்டோஸ் கெர்னலுக்குள்ள (ஓஎஸ்ஸோட மையப்பகுதி) உக்காந்து வேலை செய்யுது, புரோட்டானால அதுக்கு மாத்து கிடையாது.

ஆனா ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேர ஆட்டத்துக்காக ஒரு ஓஎஸ்ஸையே காசு குடுத்து வாங்கணுமான்னு யோசி. அதே பசங்களோட கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடலாம். அது லினக்ஸுக்குன்னே நேரா வருது.

ஒகேனக்கல் பரிசல் (பென்னாகரம்), ஞாயிறு காலை 7:15

பென்குயின் ணா, இதுல எனக்கு உடன்பாடு இல்ல. "அதே பசங்களோட வேற கேம் ஆடு"ன்னு சொல்றது சுலபம். நாலு பேர் ஒரு கேம்ல வருஷக்கணக்கா கூடி இருப்பாங்க. ஒருத்தன் வரலேன்னா மத்த மூணு பேர் இன்னொருத்தனைச் சேத்துக்குவாங்க. அப்புறம் அந்த ஞாயித்துக்கிழமை அவனுக்குக் கிடையாது. நான் 2023ல லினக்ஸ் போட்டு அப்படித்தான் எங்க கேம் கூட்டத்துலேருந்து வெளிய வந்தேன். மறுபடியும் விண்டோஸ் போட்டப்ப பசங்க வேற வேற ஷிப்ட்டுக்குப் போயிட்டாங்க.

வாலரன்ட், ஃபோர்ட்நைட், பப்ஜி, கால் ஆஃப் டியூட்டி, ஏபெக்ஸ் இதுல ஒண்ணு வாரா வாரம் ஆடறவனுக்கு விண்டோஸ் தேவை. அதுல பேச்சே இல்ல.

தக்காளித்தோட்டம், ஞாயிறு காலை 8:30

பரிசல் அண்ணா சொல்றது எனக்குப் படுது. காலேஜ் முடிச்சு நாலு பேரும் நாலு ஊர்ல இருக்கோம். ஞாயித்துக்கிழமை அந்த ரெண்டு மணி நேரந்தான் ஒண்ணாப் பேசறதே. அதை விட முடியாது. மத்த நாளெல்லாம் தனியாத்தான் ஆடறேன்.

பர்கூர் பென்குயின், ஞாயிறு காலை 9:10

சரிப்பா. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். அப்ப உன் பழைய 240ஜிபி எஸ்எஸ்டிக்கு வேலை வந்துடுச்சு. புது என்விஎம்இ எஸ்எஸ்டியில லினக்ஸ், அந்தப் பழைய எஸ்எஸ்டியில விண்டோஸ் 11, அதுல வாலரன்ட் மட்டும். ஒரே டிரைவைப் பிரிக்காம ரெண்டு தனி டிரைவ். ஏன்னா விண்டோஸ் பெரிய அப்டேட் வரும்போது பக்கத்துல இருக்கற பூட் பகுதியத் தொடறது உண்டு.

இன்ஸ்டால் பண்றப்ப விண்டோஸை முதல்ல போடு, அப்ப என்விஎம்இயை மாட்டவே மாட்டாதே. ரெண்டு டிரைவும் இருந்தா விண்டோஸ் தன்னோட பூட் ஃபைலை எந்த டிரைவுல வேணா எழுதிடும். அப்புறம் என்விஎம்இ மாட்டி லினக்ஸ் போடு. பயாஸ்ல (போர்டோட செட்டிங்) எஃப்டிபிஎம்ங்கற டிபிஎம், செக்யூர் பூட் ரெண்டும் ஆன், பழைய முறை பூட்டுக்கான சிஎஸ்எம் ஆஃப்.

செக்யூர் பூட் ஆன்ல இருக்கணும்ங்கறதால டிஸ்ட்ரோவும் (லினக்ஸ் வகை) அதைப் பாத்துத்தான் எடுக்கணும். உபுண்டு, மின்ட், ஃபெடோரா மூணும் கையெழுத்தோட வர்றதால அப்படியே பூட் ஆகும். பாப் ஓஎஸ் நல்லதுதான், ஆனா செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணச் சொல்லும். ஒவ்வொரு ஞாயிறும் பயாஸுக்குள்ள போய் மாத்திக்கிட்டிருக்க முடியாது. நான் சொல்றது ஃபெடோரா கேடிஇ. ஆறு மாசத்துக்கு ஒரு புது வெர்ஷன், புது கார்டுக்கு டிரைவர் சீக்கிரம் வந்துடும்.

மாம்பூ (கிருஷ்ணகிரி), ஞாயிறு காலை 11:45

தம்பி, ரெண்டு ஓஎஸ்னு முடிவாச்சுன்னா கார்டும் அதோட சேந்துதான் முடிவாகும். ஏஎம்டி கார்டுக்கு டிரைவர் லினக்ஸ் கெர்னல்லயே இருக்கு, தனியா எதுவும் போடவேண்டாம். என்விடியாவுக்கு டிரைவரைத் தனியாப் போடணும், செக்யூர் பூட் ஆன்ல இருந்தா அந்த மாட்யூலுக்குச் சாவி பதிஞ்சு ஒப்புதல் குடுக்கணும். செய்ய முடியாததில்ல, நான் செஞ்சுதான் வெச்சிருக்கேன். ஆனா டைரக்ட்எக்ஸ் 12 கேம்ல லினக்ஸ் பக்கம் என்விடியா கொஞ்சம் வேகம் குறையுது, அதை நானே என் ஆர்டிஎக்ஸ் 3060ல பாத்திருக்கேன்.

நான் ஏன் என்விடியா வெச்சிருக்கேன்னா பிளெண்டர்ங்கற 3டி புரோகிராமுக்காக. கல்யாண மண்டபத்துக்கு மேடை அலங்காரம் 3டியில போட்டுக் காட்டறேன், அந்த ரெண்டரிங்ல என்விடியாவுக்குப் பக்கத்துல யாரும் இல்ல. உனக்கு வீடியோ எடிட்டிங், 3டி எதாவது உண்டா? இல்லேன்னா 1080பி ஆட்டத்துக்கு ஆர்எக்ஸ் 6600 போதும். 8ஜிபி, 132 வாட். எல்டன் ரிங்குக்கு அவங்களே பரிந்துரைக்கறது ஜிடிஎக்ஸ் 1070தான். அந்த கேம் நொடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல போகவே போகாது. வாலரன்ட் ரொம்ப லேசு.

தக்காளித்தோட்டம், ஞாயிறு மதியம் 12:20

எடிட்டிங் எதுவும் இல்லக்கா. ஆட்டம் மட்டுந்தான். இன்டெல் ஆர்க் பி580 12ஜிபி வருதே, அது எப்படி?

மாம்பூ, ஞாயிறு மதியம் 12:50

நல்ல கார்டு. ஆனா பட்ஜெட் தாண்டும், பயாஸ்ல ரீசைசபிள் பார்ங்கற செட்டிங் ஆன்ல இல்லேன்னா பாதி பலம்தான். கூட நல்ல பிராசசரும் கேக்கும். அடுத்த தடவைக்கு வெச்சுக்க.

வயர்மேன் அரூர், ஞாயிறு மதியம் 2:05

பார்ட்ஸ் எனக்குத் தெரியாது தம்பி. என் பையனுக்காக இதைப் படிச்சிட்டிருந்தேன். நீ கடைசியா எழுதுனதுக்கு யாரும் பதில் சொல்லலையே, அதான் வந்தேன்.

மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது லைட் மங்கி உடனே திரும்புதா, இல்ல மோட்டார் ஓடற வரைக்கும் மங்கலாவே இருக்கா? முதல்ல சொன்னது ஸ்டார்ட்டிங் கரண்ட், பெரும்பாலான ஊர்ல உள்ளது. ரெண்டாவதுன்னா வோல்டேஜ் இறங்கியே நிக்குதுன்னு அர்த்தம். டிரான்ஸ்ஃபார்மர்லேருந்து உங்க வீடு எவ்வளவு தூரம்னும் பாக்கணும்.

இன்னொண்ணு. இப்ப இருக்கற கம்ப்யூட்டர் டப்பாவை வெறுங்கால்ல நின்னு தொட்டா சுருசுருங்குதா?

தக்காளித்தோட்டம், ஞாயிறு மதியம் 2:30

ஆமாண்ணா! பின்பக்கம் ஸ்க்ரூ இருக்கற எடத்துல கை பட்டா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். எல்லா கம்ப்யூட்டரும் அப்படித்தான்னு நெனச்சேன். வோல்டேஜ் மோட்டார் ஓடற வரைக்கும் மங்கலாத்தான் இருக்கும். பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட மீட்டர் வாங்கி இப்பத்தான் வெச்சுப் பாத்தேன், 176 காட்டுது.

சால்டரிங் அயன், ஞாயிறு மாலை 4:10

வயர்மேன் அண்ணன் கேட்டது நான் முதல்ல கேட்டிருக்கணும். விலைப்பட்டியலைப் பாத்ததும் அதுலயே போயிட்டேன்.

அந்தச் சுருசுருப்பு ஏன்னா, எஸ்எம்பிஎஸ்ல (கம்ப்யூட்டரோட பவர் சப்ளை) கரண்ட் உள்ள வர்ற இடத்துல இரைச்சலை வடிகட்ட ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். ஒண்ணு ஃபேஸ்லேருந்து டப்பாவுக்கு, இன்னொண்ணு நியூட்ரல்லேருந்து டப்பாவுக்கு. எர்த் இருந்தா அந்தக் கசிவு மண்ணுக்குப் போயிடும். எர்த் இல்லேன்னா டப்பாவே ரெண்டுக்கும் நடுவுல, ஏறக்குறைய 115 வோல்ட்ல மிதக்கும். கரண்ட் ரொம்பச் சின்னது, ஆளைத் தூக்காது. ஆனா ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகும்போது அந்த வோல்ட் போர்ட் வழியா போக வழி தேடும். டிவி, மானிட்டர்ல ஹெச்டிஎம்ஐ போர்ட் செத்துப் போய் வர்றதுல நிறைய இந்தக் கதைதான். 20 ஆயிரம் ரூபா கார்டை அந்த வீட்டுல மாட்டாதே. எர்த் முதல்ல.

176 வோல்ட்டுக்கு வர்றேன். இங்கதான் எஸ்எம்பிஎஸ் லேபிள் முக்கியம். கடையில பெட்டியக் கையில எடுத்து, பக்கவாட்டுல ஒட்டியிருக்கற பட்டியல்ல மேல் வரியப் படி. சிலதுல உள்ளீடு 100–240 வோல்ட்னு இருக்கும். சிலதுல 200–240னு இருக்கும். ரெண்டும் ஒரே வாட், ரெண்டும் புரான்ஸ் (மின்சிக்கன) முத்திரையோட, விலையில சில நூறுதான் வித்தியாசம். 200–240 உள்ளது உங்க வீட்டுல மோட்டார் ஓடும்போது அதோட வரம்புக்கே வெளிய நிக்குது. ஆட்டத்து நடுவுல பொசுக்குனு அணைஞ்சா கார்டு மேலயும் ராம் மேலயும் பழி போடுவோம். 100–240 உள்ளதுக்கு 176 ஒரு பொருட்டே இல்ல.

பாகலூர் பக்கத்துலேருந்து ஒரு பையன் இப்படித்தான் வந்தான். மூணு மாசம் ராம் மாத்தி, கார்டு மாத்தி, விண்டோஸை ஏழு தடவை போட்டிருக்கான். நான் லேபிளைப் படிச்சேன், அவ்வளவுதான். அவன் வீட்டுல சாயங்காலம் 180தான் வந்துச்சு.

550 வாட் போதும். பிராசசர் 90க்குள்ள, கார்டு 132, மீதியெல்லாம் சேத்தாலும் முழு ஆட்டத்துல 300 தொடாது.

ஓசூர் பி ஷிப்ட், ஞாயிறு மாலை 6:00

தம்பி நானும் ஓசூர்தான். லீவு நாள்ல பெங்களூரு எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் மார்க்கெட் போய்ட்டு வா, நாப்பது கிலோமீட்டர்தான். தர்மபுரியில ஒரே மாடல் எஸ்எம்பிஎஸ்தான் இருக்கும், அங்க பத்து மாடல் வரிசையா இருக்கும், லேபிள் படிச்சு எடுக்கலாம். ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்கு, பில்லுல கார்டோட சீரியல் நம்பர் எழுதியிருக்கணும். நான் பில் இல்லாம கொஞ்சம் கொறைச்சு ஒரு கார்டு வாங்கி, எட்டாம் மாசம் ஃபேன் நின்னு, வாரண்டி எடுக்க முடியாம போச்சு. அந்தக் கொறைச்ச காசு ரெண்டாயிரம்தான்.

வயர்மேன் அரூர், ஞாயிறு இரவு 7:20

அயன் தம்பி தெளிவாச் சொல்லிட்டாரு. எர்த்துக்கு நான் சொல்றேன். நீயே கை வைக்காதே, உள்ளூர் வயர்மேனைக் கூப்பிடு. மூணு இடத்துல பாக்கச் சொல்லு. பிளக் பாயிண்ட்டுல எர்த் பின்னுல ஒயர் இருக்கா. மெயின் போர்டுல அந்த ஒயர் கட்டியிருக்கா, இல்ல சும்மா தொங்குதா. குழியில பைப்போட கிளாம்ப் துருப்பிடிச்சிருக்கா.

நம்ம பக்கம் பாறை மண்ணு, கோடையில அஞ்சாறு மாசம் காஞ்சு கிடக்கும். காஞ்ச குழி எர்த்தே இல்ல. கரியும் உப்பும் போட்டு வெச்சாலும் தண்ணி இல்லாம வேலை செய்யாது. வாரத்துக்கு ஒரு குடம் ஊத்தணும்.

தக்காளித்தோட்டம், புதன் இரவு 8:45

இன்னைக்கு லீவு போட்டு வயர்மேனைக் கூட்டிட்டு வந்தேன். பிளக் பாயிண்ட்டைக் கழட்டுனப்ப எர்த் பின்னுல ஒயர் இருந்துச்சு. மெயின் போர்டைத் திறந்தா, பச்சை ஒயர் நுனியில இன்சுலேஷன் டேப் சுத்தி ஓரமா மடிச்சு வெச்சிருக்காங்க. வீடு கட்டுன 2009லேருந்து அப்படியே. குழியில பைப் இருந்துச்சு, சுத்தி மண்ணு கல்லு மாதிரி. புது கிளாம்ப் போட்டு, ஒயர் கட்டி, மூணு குடம் தண்ணி ஊத்துனோம். இப்ப கேபினட்டைத் தொட்டா ஒண்ணுமே இல்ல. அம்மா வாஷிங் மெஷினைத் தொட்டுப் பாத்துட்டு, "இதுலயும் ஷாக் அடிச்சிட்டிருந்துச்சுடா, பழகிப்போச்சு"ன்னு சொன்னாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

வயர்மேன் அண்ணா, கோடி நன்றி.

யுபிஎஸ் வேணுமா? வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு.

சால்டரிங் அயன், புதன் இரவு 9:30

அந்த வாஷிங் மெஷினைப் படிச்சதும் எனக்கும் மனசு ஒரு நிமிஷம் நின்னுச்சு. நல்ல காரியம் பண்ணுன.

இன்வெர்ட்டரை நம்பாதே. மாறுற நேரம் வீட்டு விளக்குக்குப் போதும், கம்ப்யூட்டர் பல நேரம் ரீஸ்டார்ட் ஆயிடும். சின்ன யுபிஎஸ் ஒண்ணு எடு. 600விஏன்னு எழுதியிருந்தா உண்மையில 360 வாட் மாதிரிதான், உனக்கு அது போதும். ஆட்டத்தை சேவ் பண்ணி முறையா அணைக்க அஞ்சு நிமிஷம் கிடைச்சா சரி. அதுலயும் எத்தனை வோல்ட்லேருந்து பேட்டரிக்குத் தாவும்னு பெட்டியில இருக்கும். 180க்கே தாவற மாடல்னா தினமும் மோட்டார் ஓடற நேரமெல்லாம் பேட்டரி கரையும். 140, 150 வரைக்கும் தாங்கற மாடல் எடு.

ஒகேனக்கல் பரிசல், புதன் இரவு 10:05

ராம் பத்தி யாரும் பேசலையே. விலை எங்கயோ போயிட்டிருக்கு.

ஓசூர் பி ஷிப்ட், புதன் இரவு 10:40

ஏஐ டேட்டா சென்டருக்கே சிப் போயிடுது. மைக்ரான் 2025 டிசம்பர்ல குருஷியல் பிராண்டையே கடை விற்பனையிலேருந்து எடுக்கப்போறதா அறிவிச்சுட்டாங்க. அதனாலதான் டிடிஆர்5 ராம் கேக்கற ஏஎம்டியோட புது ஏஎம்5 போர்டு பக்கம் தம்பி இப்ப போகவேண்டாம்னு நானும் சொல்வேன். 5600ஓட டிடிஆர்4 போதும். பழைய ராம் வாங்கலாம், அதுல தேயறதுக்கு எதுவும் இல்ல. 8ஜிபி ரெண்டு, 3200 வேகம், ஒரே ஜோடி. வாங்குன அன்னிக்கு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்ங்கற ராம் சோதனையை ஓட விடு. ஒரே ஒரு பிழை காட்டுனாலும் திருப்பிக் குடுத்துடு.

என்கிட்டயே ஒரு ஜோடி சும்மா இருக்கு தம்பி. ஓசூர்லதானே இருக்க, பஸ் ஸ்டாண்டுல வந்து வாங்கிக்க. நியாயமா எதாவது குடு.

மாம்பூ, வியாழன் காலை 6:50

கேபினட் எடுக்கும்போது முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை வெச்சது எடு. எங்க வீடு கிரானைட் பாலிஷ் பட்டறை இருக்கற ரோட்டுல இருக்கு. வெள்ளைப் பொடி மாசத்துக்கு ஒரு தடவை ஃபில்டர்ல கை அகல படலமா உரியும். உனக்குத் தோட்டத்து மண்ணு. ஃபில்டரைக் கழட்டிக் கழுவற மாதிரி இருக்கணும். ரூம் மேல ஷீட்டா, தளமா?

தக்காளித்தோட்டம், வியாழன் காலை 7:30

ஷீட்டுக்கா. மத்தியானம் உக்கார முடியாது. ராத்திரிதான் ஆடுவேன்.

பர்கூர் பென்குயின், வியாழன் காலை 9:00

விண்டோஸ் பத்தி ஒரு வார்த்தை. கடையில "போட்டுத் தர்றோம்"னு சொல்றது பெரும்பாலும் கிராக். அந்த ஆக்டிவேட்டர் ஓடணும்னா முதல்ல ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். உன் ஸ்டீம் அக்கவுண்ட், யூபிஐ எல்லாம் திறக்கற மெஷின்ல யாரோ எழுதுன புரோகிராமுக்குக் கதவைத் திறந்து விடறது அது. மைக்ரோசாஃப்ட் தளத்துலயே இன்ஸ்டாலர் இலவசமா இறங்குது, நீயே பென்டிரைவ்ல எழுதிக்க. லைசன்ஸ் காசு குடுத்து வாங்கறதுதான் முறை, அதுக்கு ஒரு தொகை தனியா எடுத்து வை. எஸ்எஸ்டி கொஞ்சம் சின்னதா எடுத்தாலும் பரவாயில்ல. கேமை அழிச்சு மறுபடி இறக்கலாம். 100 எம்பிபிஎஸ் ஃபைபர்ல 100ஜிபி கேம் ரெண்டேகால் மணி நேரம்.

ஸ்டீம் கேம் எல்லாத்தையும் லினக்ஸ் டிரைவுலயே வை. விண்டோஸோட என்டிஎஃப்எஸ் டிரைவுல வெச்சு ரெண்டு பக்கமும் ஓட்டலாம்னு தோணும், புரோட்டான் அதுல தடுமாறும்.

தக்காளித்தோட்டம், அடுத்த ஞாயிறு இரவு 11:20

கட்டி முடிச்சுட்டேன்!

ரைசன் 5 5600, பி550 போர்டு, பி ஷிப்ட் அண்ணாவோட 16ஜிபி ராம், ஆர்எக்ஸ் 6600, 500ஜிபி என்விஎம்இ, 550 வாட் புரான்ஸ், முன்பக்கம் வலை வெச்ச கேபினட், 24 இன்ச் 1080பி மானிட்டர். எஸ்.பி. ரோட்டுல எஸ்எம்பிஎஸ் பெட்டி மட்டும் ஆறு எடுத்துப் பாத்தேன். நாலுல 200–240. கடைக்காரரே "இதெல்லாம் யாருப்பா படிக்கறா"ன்னு கேட்டாரு. அயன் அண்ணா சொன்னதைச் சொன்னேன். அவரும் கண்ணாடி போட்டுப் படிச்சாரு.

காலையில ஒன்பது மணிக்கு ஹால்ல பாய் விரிச்சு ஆரம்பிச்சேன். அப்பா பக்கத்துலயே உக்காந்துட்டாரு. பிராசசர் மூலையில இருக்கற தங்க முக்கோணத்தை சாக்கெட் முக்கோணத்தோட சேத்து வெச்சேன், தானா உக்காந்துச்சு. கூலரோட ஸ்க்ரூ நாலையும் குறுக்கா, எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா திருகுனேன். ஆன் பண்ணா ஃபேன் எல்லாம் சுத்துது, திரையில ஒண்ணும் வரல. மானிட்டர் கேபிள் மதர்போர்டுலயா மாட்டிட்டேன்னு பாத்தேன், இல்ல, கார்டுலதான் இருக்கு. போர்டு ஓரத்துல டிராம்னு எழுதுன இடத்துல ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு மட்டும் எரியுது. ராமைக் கழட்டி மறுபடி மாட்டுனேன். பயந்து பயந்து அழுத்துனதுல ஒரு பக்கம் கிளிப் பூட்டாம இருந்திருக்கு. "டக்"னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்துனதும் படம் வந்துச்சு. அப்பா என் தோள்ல தட்டுனாரு.

பயாஸ்ல எக்ஸ்எம்பி (ராமை முழு வேகத்துல ஓட்டற செட்டிங்) ஆன் பண்ணப்புறம்தான் ராம் 3200 காட்டுச்சு, அதுவரைக்கும் 2400ல ஓடிட்டிருந்துச்சு. மானிட்டரும் முதல்ல 60 ஹெர்ட்ஸ்ல நின்னுச்சு, செட்டிங்ல போய் 165க்கு மாத்துனேன். விண்டோஸ்ல வாலரன்ட் முதல் தடவையே ஏத்துக்கிச்சு. சாயங்காலம் பசங்களோட ஆடுனேன். ஏழு மணிக்குப் பக்கத்துத் தோட்டத்துல மோட்டார் போட்டாங்க. ட்யூப்லைட் மங்குச்சு, யுபிஎஸ் ஒரு தடவை டிக்குன்னுச்சு, ஆட்டம் ஒரு ஃபிரேம் கூட நிக்கல.

ஒரே ஒரு சந்தேகம். லினக்ஸ்லேருந்து விண்டோஸுக்குப் போனா கடிகாரம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டுது. பேட்டரி போச்சா?

பர்கூர் பென்குயின், ஞாயிறு இரவு 11:40

பேட்டரி நல்லாத்தான் இருக்கு. லினக்ஸ் போர்டு கடிகாரத்துல உலக நேரத்தை எழுதும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம்னு படிக்கும். நம்ம ஊருக்கும் உலக நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் அஞ்சரை மணி, அதைத்தான் நீ பாக்கற. லினக்ஸ்ல போர்டு கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாத்தற ஒரு வரி இருக்கு, தனிச்செய்தியில அனுப்பறேன். விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் ஆஃப் பண்ணிடு, இல்லேன்னா அந்த டிரைவை லினக்ஸ்ல திறந்தா எழுத விடாது.

மாம்பூ, திங்கள் காலை 6:30

வாழ்த்துகள் தம்பி. ஷீட் ரூம்ல சூடு எவ்வளவு போகுது?

தக்காளித்தோட்டம், திங்கள் இரவு 10:15

ராத்திரி எல்டன் ரிங் ஒரு மணி நேரம் ஆடுனப்ப பிராசசர் 71, கார்டு 68. மத்தியானம் ஆடவேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்க்கா. முதல் பெரிய எதிரிகிட்ட பதினாலு தடவை செத்தேன்.

வயர்மேன் அரூர், செவ்வாய் காலை 6:05

தம்பி, குழிக்குத் தண்ணி ஊத்துனியா?

தக்காளித்தோட்டம், செவ்வாய் காலை 6:40

நான் ஓசூர் வந்துட்டேன்ணா. அப்பாகிட்ட சொல்லியிருக்கேன். தக்காளிக்குத் தண்ணி விடும்போது கடைசிப் பாத்தியிலேருந்து அதுக்கும் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி விட்டுட்டாரு.